தொலைவுப் பறவையும் தொலைநோக்கியும்

தை மாதத்து விடியற்பொழுது. இரணைமடுக் குளக்கட்டின்மீது நிற்பவன் கண்முன்னே நீர் கடலெனப் பரந்து கிடக்கின்றது. நீர் வற்றத் தொடங்கிய ஓரத்திலே, சேறும் புல்லும் கலந்த இடத்தில், வெண்மையும் சாம்பலுமாகப் பல நூறு புள்ளிகள் அசைகின்றன. அவை பறவைகள் என்பது தெரிகின்றது. எப்பறவைகள் என்பது தெரியவில்லை. ஊசிவால் வாத்தா, நீலச்சிறகியா? கருவால் மூக்கனா, வேறொரு கரைப்பறவையா? கிட்டப் போய்ப் பார்க்கலாமென்று கட்டை விட்டிறங்கி நூறடி நடந்தால், கூட்டம் முழுவதும் ஒரே வீச்சில் எழுந்து, ஒருமுறை வட்டமிட்டு, கண்ணுக்கெட்டாத மறுகரைக்குப் போய்விடுகின்றது. வந்தவனுக்குப் பறவையுமில்லை, பறவைக்கு இரையுமில்லை.

இந்தத் தொல்லையைத் தீர்க்கும் வழி இரண்டு. ஒன்று, மிக நீண்ட வில்லை பூட்டிய கமரா. நல்ல ஒளியைத் தரும் 600 மில்லிமீற்றர் வில்லையொன்று மூன்று கிலோகிராம் வரை நிறையுடையது. விலையோ பல இலட்சம் ரூபாய். மற்றது, நிலத்திலிருந்து பார்ப்பதற்கென அமைந்த ஒற்றைக்குழல் தொலைநோக்கியொன்றை முக்காலியில் நிறுத்தி, அதன் பார்வைத்துண்டிலே கைத்தொலைபேசியையோ சிறு கமராவையோ பொருத்திப் படமெடுப்பது. முன்னைய கருவியை ஆங்கிலத்தில் ‘ஸ்பொட்டிங் ஸ்கோப்’ என்பர். களத் தொலைநோக்கி எனத் தமிழில் வழங்கலாம். அதனூடாகப் படமெடுக்கும் முறைக்கு ‘டிஜிஸ்கோப்பிங்’ என்று பெயர்.

இம்முறை பிறந்த வரலாறு சுவையானது. மலேசியாவைச் சேர்ந்த லோரன்ஸ் போ என்னும் பறவை நோக்குநர், 1999ஆம் ஆண்டளவில், அப்போது புதிதாக வந்திருந்த சிறிய டிஜிற்றல் கமராவைத் தம் தொலைநோக்கியின் பார்வைத்துண்டருகே பிடித்துப் பார்த்தார். எதிர்பாராத தெளிவுடன் படம் விழுந்தது. அதே காலத்தில் பிரான்ஸ் நாட்டவரான அலேன் ஃபொஸ்ஸே என்பவர் இம்முறைக்கு மேற்சொன்ன பெயரைச் சூட்டினார். பிலிம் சுருள் இருந்த காலத்திலும் தொலைநோக்கியோடு கமராவை இணைத்தவர் உண்டு. ஆனால் எடுத்த படம் எப்படி வந்தது என்பது, கழுவி அச்சிட்ட பின்னரே அவர்களுக்குத் தெரிந்தது. திரையில் உடனே பார்த்துப் பிழை திருத்த முடிந்த பின்னரே இக்கலை எல்லாருக்கும் உரியதாயிற்று. இன்று சட்டைப்பையிலே கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் கமராவுக்கு உரியவரே. ஆகவே அவர் தேடவேண்டியது தொலைநோக்கி ஒன்றுதான். அதை எப்படித் தேர்வது?

அதற்கு விடை காணுமுன், அது எந்த நிலத்துக்கு வேண்டுமென்பதை எண்ண வேண்டும். வன்னிப் பெருநிலப்பரப்பு குளங்களும் களப்புகளும் நிறைந்தது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடு அமைந்தது. அதன் கட்டுமானப் பணி 1902இல் தொடங்கியது. அக்குளத்தைத் தாண்டி வடக்கே செல்லும் நீர் சுண்டிக்குளம் நீரேரியை அடைகின்றது. பாலியாற்றில் வவுனிக்குளம், பேராற்றில் முத்தையன்கட்டு. கிழக்கே நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்னும் களப்புகள். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. கொக்கிளாய் 1951இல் சரணாலயமாயிற்று. வடகீழ்ப் பருவமழையோடு வடநாடுகளிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் மூக்கன்களும் இந்நீர்நிலைகளிலேதான் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. கூழைக்கடாவும், கரண்டிவாயனும், நத்தைக்குத்தி நாரையும் உள்ளூர்க் குடிகள். பூநாரைக் கூட்டம் இறங்கும் ஆண்டுகளில் சுண்டிக்குளத்து ஆழமற்ற நீர் இளஞ்சிவப்பாகத் தோன்றும்.

ஆசியாவெங்கும் சனவரி மாதந்தோறும் நீர்ப்பறவைகளை எண்ணும் பணி 1987இல் தொடங்கியது. இலங்கையிலே 1943இல் நிறுவப்பட்ட இலங்கைப் பறவைக் கழகம் அப்பணியை முன்னின்று செய்து வந்தது. ஆனால் அப்பணி வளர்ந்த காலமும் வடக்கிலே போர் நிகழ்ந்த காலமும் ஒன்றே. அதனால் வன்னியின் பெரும்பகுதி, எண்ணுவோர் காலுக்கு எட்டாத நிலமாகவே நெடுங்காலம் இருந்தது. தெற்கே ஒரு களப்புக்கு முப்பது ஆண்டுக் கணக்கு இருக்கும்போது, இங்குள்ள பல குளங்களுக்கு ஒரு பக்கக் குறிப்பும் இல்லை. ஒரு நீர்நிலையை நிரப்பலாமா, அதனருகே இறால் பண்ணை வைக்கலாமா, கரையிலே வீதி போடலாமா என்ற வினா எழும்போது, அங்கே என்ன வாழ்ந்தது என்பதற்குச் சான்று வேண்டும். “ஆயிரம் பறவை வரும்” என்று ஊரார் வாயாற் சொல்வது ஒன்று. நாளும் இடமும் குறித்த படம் காட்டுவது வேறொன்று. இவ்விடத்தில் தொலைநோக்கி பொழுதுபோக்குப் பொருளாக நில்லாமல், சாட்சி சொல்லும் கருவியாகின்றது.

கிட்டப் போகாமலே பார்க்க வேண்டியதற்கு இந்நிலத்தில் இன்னுமொரு காரணம் உண்டு. 2009இல் போர் முடிந்த பின்னரும் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் தொடர்ந்தது. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில், எத்துணை அரிய பறவை இருப்பினும், ஓரடி எடுத்து வைத்தலும் தகாது. மனிதர் நடந்து பழகிய குளக்கட்டும் வீதியோரமுமே நோக்குநருக்குரிய இடங்கள். பறவைக்கும் அதுவே நன்று. பல்லாயிரம் மைல் பறந்து வந்த சிறு கரைப்பறவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பைச் சேற்றிலே இரை பொறுக்கிச் சேர்க்கின்றது. படமெடுப்பவர் ஒவ்வொரு முறையும் அதனை எழுப்பும்போது அச்சேமிப்பிலிருந்து ஒரு பங்கைப் பறிக்கின்றார்.

இனிக் கருவியைப் பார்ப்போம். களத் தொலைநோக்கியின் முன்புறத்தே இருப்பது பொருள்வில்லை; அது ஒளியைத் திரட்டுகின்றது. கண்ணருகே இருப்பது பார்வைத்துண்டு. அது உருவைப் பெருக்குகின்றது. இடையிலுள்ள அரியங்கள், தலைகீழாக விழும் உருவை நிமிர்த்துகின்றன. கருவியின்மேல் ‘20–60×80’ என்று பொறித்திருந்தால், அது பொருளை 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை பெருக்கும் என்பதும், அதன் பொருள்வில்லை 80 மில்லிமீற்றர் விட்டமுடையது என்பதும் கருத்து.

கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் முதலாவது எண்ணிலேயே மயங்குவர். அறுபது மடங்கு நாற்பதிலும் மேல், நாற்பது இருபதிலும் மேல் என்று எண்ணுவர். இம்மயக்கமே தவறான தேர்வுக்கு முதற் காரணம். தொலைநோக்கியைப் பகல் வானத்தை நோக்கிப் பிடித்து (சூரியன் இருக்கும் திசையை முற்றாகத் தவிர்த்து), பார்வைத்துண்டை ஓரடி தள்ளி நின்று பார்த்தால், அதன் நடுவே சிறிய ஒளிவட்டம் தெரியும். கருவியிலிருந்து வெளிவரும் ஒளி முழுவதும் அவ்வட்டத்தினூடாகவே வருகின்றது. அதன் விட்டத்தை அறிவதும் எளிது: பொருள்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் போதும். 80 மில்லிமீற்றர்க் கருவியில் 20 மடங்கு வைத்தால் ஒளிவட்டம் 4 மில்லிமீற்றர். 40 மடங்கில் 2. 60 மடங்கில் ஒன்றேகால் மில்லிமீற்றருக்குச் சற்று மேல். விட்டம் மூன்றிலொன்றாகும்போது பரப்பு ஒன்பதிலொன்றாகின்றது. ஒளி குன்றினால் கமரா நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும், அந்நேரத்தில் பறவை தலையசைக்கும், காற்று முக்காலியை அசைக்கும், படம் கலங்கும்.

வன்னியின் வெயில் அதற்கு மேலுமொரு தடை வைக்கின்றது. வறள்வலயத்து நிலம் காலை ஒன்பது மணிக்குள்ளேயே சூடேறிவிடும். சூடேறிய காற்று மேலெழும்போது தொலைவிலுள்ள உருவங்கள் நெளிகின்றன. கானல் என்று நாட்டார் அறிந்த அதே நெளிவுதான். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் அந்நெளிவைத் தொலைநோக்கி பறவையோடு சேர்த்தே பெருக்கிக் காட்டும். எத்துணை விலையுயர்ந்த கண்ணாடியும் கானலை நீக்காது. ஆகவே நாளின் பெரும்பகுதியில் பயன்படக்கூடியது 20 முதல் 30 மடங்கு வரையிலான பெருக்கமே. அறுபது மடங்கு என்பது விடியற்காலையின் ஒரு மணி நேரத்துக்கும், மழை பெய்து குளிர்ந்த நாளுக்கும் உரிய அருங்கலம்.

படத்துக்கும் அத்துணைப் பெருக்கம் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியின் முதன்மைக் கமரா, பழைய 35 மில்லிமீற்றர்ப் பிலிம் அளவிற் சொல்வதானால், ஏறத்தாழ 26 மில்லிமீற்றர் வில்லைக்குச் சமம். அதனை 30 மடங்குத் தொலைநோக்கியோடு பொருத்தினால் 26ஐ 30ஆற் பெருக்கி, 780 மில்லிமீற்றர் வில்லைக்குச் சமமான நெருக்கம் கிடைக்கின்றது. பெருங்கமராக்காரர் சுமந்து திரியும் 600 மில்லிமீற்றர் வில்லையினும் அது மிகுதி. பெருக்கம் குறைவு என்ற கவலைக்கு இங்கே இடமில்லை. தெளிவு போதுமா என்பதே கவலை.

இரண்டாவது எண்ணாகிய பொருள்வில்லையின் விட்டமே உண்மையிற் கூர்ந்து தேரவேண்டியது. அதனை நிலத்தை வைத்து முடிவு செய்தல் நன்று. வவுனியாப் பகுதியிலுள்ள சிறு கிராமக் குளங்களில் பறவைக்கும் கட்டுக்கும் இடையே சில பத்து மீற்றர் தூரமே இருக்கும். அங்கே 50 மில்லிமீற்றர்க் கருவி போதும். அது ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த நிறையுடையது. துவிச்சக்கர வண்டியிலே கொண்டு செல்லலாம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்களுக்கு 65 மில்லிமீற்றர் பொருத்தமானது. பாடசாலையோ இளைஞர் கழகமோ ஒரேயொரு கருவி வாங்குவதாயின் இவ்வளவே நடுநிலையானது. சுண்டிக்குளம், நந்திக்கடல், கொக்கிளாய் ஆகிய திறந்த நீர்ப்பரப்புகளில், பறவைகள் அரை மைலுக்கப்பால் நிற்பதும், விடியற்காலையின் மங்கல் ஒளியிலே எண்ணத் தொடங்க வேண்டியிருப்பதும் வழக்கம். அங்கே 80 அல்லது 85 மில்லிமீற்றர்க் கருவியின் மிகுந்த ஒளி கைகொடுக்கும். ஆயின் அதன் நிறை இரண்டு கிலோகிராமை எட்டலாம். அதற்கேற்ற கனமான முக்காலியும் வேண்டும். சுமக்க முடியாமல் வீட்டில் வைத்துவிட்டுப் போகும் பெரிய கருவியினும், தோளில் இருக்கும் சிறிய கருவியே பறவையைக் காட்டும்.

விட்டத்துக்கு அடுத்தது கண்ணாடியின் தரம். வெள்ளொளி வில்லையினூடே செல்லும்போது அதன் நிறங்கள் சிறிது பிரிந்து வெவ்வேறிடத்திற் குவிகின்றன. இதனால் வெண்கொக்கின் விளிம்பிலே ஊதாவும் பச்சையுமான கோடு படிகின்றது. கண் அதனை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், கமரா பொறுக்காது. இக்குறையைக் குறைப்பதற்கென நிறப்பிரிவு மிகக் குன்றிய தனிக் கண்ணாடியைப் பயன்படுத்துவர். அத்தகைய கருவிகளின் பெயரோடு ‘ஈடி’ அல்லது ‘எச்டி’ என்ற எழுத்துகள் சேர்ந்திருக்கும். எனினும் எழுத்தை நம்பி வாங்குதல் போதாது, சோதித்தல் வேண்டும். அதற்கான சோதனைச்சாலை வடக்கிலே எங்கும் உண்டு. ஒளிமிக்க வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் பனையோலையின் கூரிய நுனிகளை நோக்குக. விளிம்பு கறுப்பாகவே நின்றால் கண்ணாடி நல்லது. ஊதா நிறம் படர்ந்தால் மற்றொன்றைப் பார்ப்பதே தக்கது. காட்சியின் நடுவிலே தெளிந்த ஓலை ஓரத்திலே கலங்குகின்றதா என்பதையும் அப்போதே காணலாம். ஒரே விலையில் சாதாரணக் கண்ணாடியோடு 80 மில்லிமீற்றர்க் கருவியும் ‘ஈடி’ கண்ணாடியோடு 65 மில்லிமீற்றர்க் கருவியும் இருக்குமாயின், படமெடுப்பவருக்குப் பின்னையதே மேல்.

குழலின் அமைப்பிலும் இருவகை உண்டு: பார்வைத்துண்டு நேராக அமைந்தது ஒன்று, 45 பாகை சாய்ந்தது மற்றொன்று. நேர்க்குழல் பறவையை விரைந்து கண்டுபிடிக்க உதவும். வாகனத்துக்குள்ளிருந்து பார்ப்போருக்கும் வசதியானது. சாய்குழலில் பழக்கம் வரும்வரை குறி தப்பும். ஆனால் சாய்குழலின் நன்மை இரண்டு. நெட்டையர் குட்டையர் யாவரும் முக்காலியை உயர்த்தித் தாழ்த்தாமலே குனிந்து பார்க்கலாம். பத்து மாணவர் வரிசையில் நிற்கும்போது இதன் அருமை விளங்கும். அன்றியும் முக்காலியைத் தாழ்வாகவே நிறுத்தலாம். தை மாதத்து வாடையும் ஆடி மாதத்துச் சோளகமும் மறைப்பின்றி வீசும் குளக்கட்டிலே, தாழ்ந்து நிற்கும் முக்காலியே அசையாது நிற்கும். ஆகவே பலர் கூடிப் பயன்படுத்தும் கருவிக்குச் சாய்குழலே தகும்.

பார்வைத்துண்டு பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். படமெடுப்போர் ஏமாறும் இடம் இதுவே. பெருக்கத்தை மாற்றக்கூடிய பார்வைத்துண்டு எண்ணுவதற்கும் தேடுவதற்கும் ஏற்றது. ஆனால் அத்தகையவற்றுட் பலவற்றில், குறைந்த பெருக்கத்தில் காட்சி ஒடுங்கித் தோன்றும். கைத்தொலைபேசியின் கமராவோ அகன்ற காட்சியைக் காண்பது. இரண்டும் சேரும்போது, கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்ப்பதுபோல, நடுவே வட்டமான படமும் சுற்றிலும் கருமையும் விழும். இக்கருமையை இருவகையில் நீக்கலாம். தொலைநோக்கியின் பெருக்கத்தை 25 அல்லது 30க்கு உயர்த்துவது ஒன்று. கைத்தொலைபேசியிலே ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு நெருக்கி எடுப்பது மற்றொன்று. 25 அல்லது 30 மடங்கில் நிலைத்து நிற்கும் அகலக்காட்சிப் பார்வைத்துண்டு கிடைக்குமாயின் இத்தொல்லை பெரிதும் குறையும். பார்வைத்துண்டிலிருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தும் முழுக்காட்சியையும் காணலாம் என்ற அளவும் முக்கியமானது. அது 15 மில்லிமீற்றருக்குக் குறையாதிருந்தால் மூக்குக்கண்ணாடி அணிந்தோரும் பார்க்கலாம். கைத்தொலைபேசியும் இசைந்து பொருந்தும்.

அதனைப் பொருத்துவதற்கு இணைப்பான் ஒன்று வேண்டும். கையாற் பிடித்தும் எடுக்கலாம். முதற்படம் எல்லாருக்கும் அப்படித்தான் விழுகின்றது. ஆயினும் கமராவின் துவாரமும் பார்வைத்துண்டின் நடுவும் மயிரிழை விலகினாலும் படத்தின் ஒரு பக்கம் இருண்டுவிடும். எல்லாக் கைத்தொலைபேசிக்கும் பொருந்துமென்று விற்கப்படும் இறுக்கிகள் மலிவானவை, ஆனால் நழுவக்கூடியவை. குறித்த தொலைநோக்கிக்கும் குறித்த கைத்தொலைபேசிக்கும் அளவெடுத்துச் செய்தவை உறுதியானவை. இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றில் இரண்டு மூன்று கமராக்கள் உள. ஒளி குன்றும்போதோ நெருக்கும்போதோ அவை தாமாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். அப்போது திரை திடீரெனக் கறுத்துவிடுவதைக் கண்டு கருவி பழுதென்று அஞ்ச வேண்டியதில்லை. முதன்மைக் கமராவையே நிலைநிறுத்திக்கொண்டால் போதும்.

முக்காலிக்குப் பணம் ஒதுக்காதவர் தொலைநோக்கிக்குச் செலவிட்ட பணத்தையும் இழக்கின்றார். முப்பது மடங்கு பெருக்கும் கருவி, முக்காலியின் நடுக்கத்தையும் முப்பது மடங்காகவே காட்டும். நடுத்தண்டை உயர்த்தாமல், தடித்த கால்களை மட்டும் நீட்டி நிறுத்துவதே முறை. நடுவே நீர்ப்போத்தலையோ மண் நிரப்பிய பையையோ தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது. தலைப்பகுதி எண்ணெயிற் சுழல்வதுபோல மெல்லத் திரும்பி, விட்ட இடத்தில் நிற்க வேண்டும்.

கருவி அமைந்த பின் படமெடுக்கும் முறை எளிதே. தொலைநோக்கியின் திருகைத் திருப்பிப் பறவையின் கண்ணைத் தெளிவாக்க வேண்டும். பின் திரையிலே அதன்மீது விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் ஒளியளவையும் நிலைநிறுத்த வேண்டும். கொக்கும் கூழைக்கடாவும் போன்ற வெண்பறவையாயின் ஒளியளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். இல்லையேல் சிறகுகள் யாவும் ஒரே வெள்ளைத்தாளாகிவிடும். விரலால் திரையைத் தொட்டு எடுப்பதைவிட, இரண்டு நொடி தாமதித்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்துவது நல்லது. ஒரு படத்தோடு நில்லாது பத்துப் படம் எடுத்தால், கானல் நெளிவு ஓய்ந்த கணத்தில் விழுந்தது ஒன்றாவது இருக்கும்.

ஒளியின் திசையும் அறிந்திருத்தல் வேண்டும். இரணைமடுவின் கட்டு குளத்துக்கு வடபுறம் இருப்பதால், அதில் நிற்பவர் தெற்கு நோக்கியே பார்க்கின்றார். கார்த்திகை முதல் மாசி வரை சூரியனும் தெற்கே சாய்ந்து செல்கின்றது. ஆகவே நண்பகலிலே அங்கிருந்து பார்த்தால் பறவைகள் வெறும் நிழலுருவங்களாகவே தோன்றும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்போதே நிறம் தெரியும். ஒவ்வொரு குளத்துக்கும் இவ்வாறு உரிய நேரமும் உரிய நிற்குமிடமும் உண்டு. ஊரிலுள்ளவரே அவற்றை அறிவர். கொழும்பிலிருந்து ஒருநாள் வந்து போவோர் அறியார். தேசிய பூங்காவுக்குள் செல்வதாயின் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பாதுகாப்புப் படையினரின் முகாம்கள் இருக்கும் திசையில் தொலைநோக்கியைத் திருப்பாமை அறிவுடைமை. சூரியனை மட்டும் எக்காரணம் கொண்டும் அதனூடே பார்த்தலாகாது. ஒரு நொடியிலே கண் கெடும்.

வாங்கிய கருவியைக் காப்பதும் தேர்விலே அடங்கும். உள்ளே நைதரசன் வாயு நிரப்பி நீர் புகாதபடி மூடிய கருவியையே இந்நாட்டுக்கு வாங்க வேண்டும். அல்லாதவற்றில் மாரி காலத்து ஈரம் உட்புகுந்து, வில்லையின்மேல் பூஞ்சணம் சிலந்திவலைபோலப் படரும். களப்போரத்து உப்புக்காற்றில் நின்ற நாளன்று, குழலின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துதல் வேண்டும். வில்லைமீது படிந்த மணலை முதலில் ஊதியோ மென்தூரிகையாலோ நீக்காமல் சட்டைத் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும். காற்றுப் புகாத பெட்டியிலே ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைப்பது நெடுநாள் காக்கும்.

இத்துணையும் செய்து பெற்ற படம் எதற்கு ஆகும்? 2023ஆம் ஆண்டிலே நிகழ்ந்த ஒன்று இதற்கு விடை தரும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கடற்கரையிலும் உப்பளத்தோரத்திலும் கூடுகட்டும் சிறிய உப்புக்கொத்தி ஒன்றை, வடநாடுகளிலிருந்து வரும் மற்றொரு உப்புக்கொத்தியின் கிளையினமென்றே நெடுங்காலம் கருதி வந்தனர். கொழும்புப் பல்கலைக்கழகத்தாரும் பிறநாட்டாரும் கூடி, அதன் அளவையும் நிறத்தையும் மரபணுவையும் ஆராய்ந்து, அது தனியினமே என்று நிறுவினர். இராமர் அணையைச் சூழ்ந்த கரைகளில் வாழ்வதால் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிட்டனர். குளிர்காலத்திலே இருவகையும் இந்நாட்டுக் கரைகளில் இருக்கக்கூடும். சிட்டுக்குருவியிற் சற்றே பெரிதான அவ்விரண்டையும், நிறத்தின் சிறு வேறுபாட்டால் மட்டும், நூறு மீற்றர் தொலைவிலே பிரித்தறிதல் வெறுங்கண்ணுக்கு ஆகாத காரியம். தெளிந்த படமொன்று இருந்தால், எடுத்தவருக்குத் தெரியாவிடினும் தெரிந்தவர் பார்த்துச் சொல்வர். கரைப்பறவைகளின் காலிலே ஆய்வாளர் பூட்டிவிடும் நிறப்பட்டைகளும் அத்தகையன. பட்டையின் நிறம் பூட்டிய நாட்டைக் காட்டும். அதன் எழுத்து அந்தப் பறவையையே காட்டும். பறவையைப் பிடிக்காமலும் எழுப்பாமலும் அவ்வெழுத்தைப் படிக்கவல்லது தொலைநோக்கி.

ஆகவே ஒவ்வொரு படத்தோடும் நாளும் நேரமும் குளத்தின் பெயரும் எண்ணிக்கையும் குறித்து வைத்தல் வேண்டும். கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 2002இல் தொடங்கிய ‘ஈபேர்ட்’ என்னும் உலகப் பதிவேட்டில் எவரும் அவற்றைச் சேர்க்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தை இடமாகக் கொண்டு 1976 முதல் இயங்கும் களப் பறவையியற் குழுவுக்கும் அறிவிக்கலாம். மங்கலான படமாயினும், நாளும் இடமும் உள்ளதானால் அது சான்று. அழகிய படமாயினும் அவை இல்லையேல் அது வெறும் அலங்காரம்.

தேர்வின் முறையைத் தொகுத்துச் சொல்வதாயின் இவ்வளவே. முதலிற் பார்க்கப்போகும் நீர்நிலையை எண்ணுக. அதற்கேற்ப விட்டத்தை முடிவு செய்க. அவ்விட்டத்திலே கைப்பணத்துக்கு எட்டிய மிகத் தெளிந்த கண்ணாடியைத் தேர்க. பணத்தில் ஒரு பங்கை முக்காலிக்கென்று முன்னரே ஒதுக்குக. பெருக்கத்தின் பேரெண்ணைக் கடைசியிற் பார்க்க, பாராதுவிடினும் குற்றமில்லை.

குளக்கட்டிலே நிற்பவன் இப்போது கீழே இறங்கவில்லை. முக்காலியைத் தாழ நிறுத்தி, நீரோரத்துப் புள்ளிகளை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்புகின்றான். புள்ளிகள் ஊசிவால் வாத்துகளாகின்றன. அவற்றிடையே நீலச்சிறகிகள் சிலவும் தெரிகின்றன. அவன் எண்ணுகின்றான், படமெடுக்கின்றான், குறிப்பெழுதுகின்றான். பறவைகள் தலை தூக்கவில்லை. சேற்றிலே இரை தேடிக்கொண்டே இருக்கின்றன. இந்த ஆண்டு இந்தக் குளத்தில் இவை இருந்தன என்பதற்கு இனி ஒரு சாட்சி உண்டு.